ரம்பம் வைக்காத ஜூன்

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில்
வெண்ணெய்க்கும் ஊறிய வெள்ளரிக்காய்க்கும் நடுவே
ஈரமணல் பை ஒன்று கிடந்தது.
அழுகிய ஏதோ என்று
குப்பைக்குக் கொண்டுபோனேன்.
லுபோமீர் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான்.
"அது பனிக்காலம், கொட்டாதே.
உள்ளே மேப்பிள் விதைகள்
தொண்ணூறு நாள் குளிரை எண்ணிக்கொண்டிருக்கின்றன."

நாற்பதில் முளைத்தவை பதினேழு.
மூன்றை நத்தை தின்றது.
ஒன்றை நான் களை என்று பிடுங்கினேன்.
அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

ஒலொமொட்ஸ் ஊர் முடியும் இடத்தில்
சரக்கு ரயில் பாதையை ஒட்டி
எங்களுக்கு ஒரு துண்டு நிலம்.
பக்கத்துத் துண்டில் போஷெனா:
உருளை, வெங்காயம், கம்பம் நட்ட பீன்ஸ்.
வேலிக்கு மேலே தலை நீட்டுவாள்.
"உன் மரம் எப்போது பலன் தரும்?"
"இருபது வருஷம் ஆகும்."
"பழமா?"
"இல்லை."
"நிழலாவது?"
"முழங்கால் உயரம்தான் இருக்கும்."
சிரித்துக்கொண்டே
எனக்கு இரண்டு வெங்காயம் கொடுப்பாள்,
துக்க வீட்டுக்குக் கொடுப்பதுபோல.

குளியலறையில் மிஞ்சிய நீல ஓடுகளைப்
புதைத்தான் மண்ணுக்குள்.
சவர பிளேடால் ஆணிவேரை நறுக்கி
ஓட்டின் மேல் ஒவ்வொரு கன்றாக உட்காரவைத்தான்.
கீழே போக வழியில்லாத வேர்
பக்கவாட்டில் யோசிக்கட்டுமாம்.
விரல் பருமன்கூட இல்லாத தண்டில்
அலுமினியக் கம்பி சுற்றி ஒரு வளைவு.
ஐந்தில் வளைந்துவிட்டது, சரி.
ஐம்பதில் யார் வந்து பார்ப்பது?
கேட்டேன்.
கம்பியின் முனையை மடக்கிக்கொண்டிருந்தான்.

அடிமரம் பருக்க வேண்டுமானால்
உச்சியை அதன் போக்கில் ஓடவிட வேண்டும்.
ஓடி ஓடி அது மூன்று மீட்டர் போகும்.
பிறகு ஒரு நாள்
ஒரு சாண் விட்டு மிச்சத்தை அறுக்க வேண்டும்.
அறுக்கும் இடத்தில் அடையாளமாக
சிவப்பு மின்கம்பித் துண்டு கட்டினான்.
தன் தலைக்கு விலை குறித்திருப்பது தெரியாமல்
ஆறு வருஷம்
காற்றில் குதித்துக்கொண்டிருந்தது அந்த உச்சி.

ஆறாம் வருஷம் ஜூனில்
ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தான்.
இலை முற்றியிருந்தது, நாள் சரியாக இருந்தது.
கவட்டையில் ஒரு கூடு.
கருங்குருவி என்று பெயர், பெண் மட்டும் பழுப்பு.
எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.
ஒருதரம் அது இரைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன்:
நான்கு முட்டை,
எங்கள் ஓட்டின் நீலம், மேலே துருப்புள்ளி.

ட்ராம் பணிமனையில் சக்கரம் கடைபவன்,
அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராதவன்,
ரம்பத்தைச் சாக்கில் சுற்றினான்.

குஞ்சுகள் போயின. ஜூலையில் மறுபடி முட்டை.
ஆகஸ்டில் அறுத்தால்
காயம் ஆறுவதற்குள் உறைபனி வந்துவிடும்.
பிப்ரவரியில் அறுத்தால் சாறு நிற்காமல் வடியும்.
ஆக, இன்னொரு ஜூன் வரை.
அதற்குள் சிவப்புக் கம்பி பட்டைக்குள் இறங்கி
மேலே மரம் வெங்காயம்போல் வீங்கிவிட்டது.
"கெட்டுப்போச்சு" என்றான்,
கெட்டுப்போனதைத் தடவிக்கொண்டே.

இந்த ஜூனில் கூடு இல்லை.
அவன் பிடிக்க, நான் அறுத்தேன்.
காயம் என் உள்ளங்கையைவிடப் பெரிது.
மூட பத்து வருஷமாவது ஆகும்.
அப்போது அவனுக்கு எழுபத்திரண்டு.
எனக்கு, வேண்டாம்.

அறுந்து விழுந்த உச்சியை
போஷெனா கேட்டு வாங்கிப் போனாள்.
இலையை உருவிவிட்டு
பீன்ஸ் பாத்தியில் நட்டாள்.
"பார்த்தாயா, பலன் தந்துவிட்டது" என்றாள்.

மூன்று வாரம் கழித்து
கம்பித் தழும்புக்குக் கீழே
சிவப்பாக ஒரு மொட்டு.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.
"எந்தப் பக்கம்?"
"தப்பான பக்கம்."
கிள்ளுவான் என்று நின்றேன்.
நீரூற்றும் வாளியை எடுக்கப் போனான்.